தலைக்கு எண்பது சதம்



சென்ற மாத உரை ஒலிபரப்பான மறுநாள் ஓர் அம்மா நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, நீங்கள் ஒட்டாவாவையும் மொன்றியலையும் விட்டு வெளியிலை போக மாட்டியளோ? என்ரை மகள் விக்ரோறியாவிலை இருக்கிறாள். அந்தப் பக்கத்திலை கதை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். கனடா வரலாறு என்றால் நாங்கள் கிழக்கிலேயே நின்றுவிடுகிறோம். ஆகவே இந்த மாதம் மேற்கின் கடைசிக் கரைக்குப் போவோம்.

சில வருடங்களுக்கு முன்னர் வருமான வரிச் சட்டம் பற்றிய ஒரு பயிற்சிக்காக நான் விக்ரோறியா போயிருந்தேன். மதிய இடைவேளையில் அரச அருங்காட்சியகத்தின் பக்கமாக நடந்தபோது, பெரிய பெரிய சிற்பத் தூண்களுக்கு அருகே ஒரு சின்ன மரவீட்டைக் கண்டேன். 1852இல் கட்டப்பட்டது, மாகாணத்தில் இன்றும் கட்டிய இடத்திலேயே நிற்கும் மிகப் பழைய வீடுகளில் ஒன்று என்று சொன்னார்கள். ஒரு டொக்டருடைய வீடு. நான் மருத்துவம் படித்தவனல்லன். வரலாறும் பள்ளிக்கூடத்தோடு சரி. வணிகம் படித்து, மற்றவர்களுடைய வரவுசெலவைப் பார்த்துப் பிழைப்பவன். ஆனால் அந்த டொக்டரின் கதையைத் தேடி வாசித்தபோது அதற்குள் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் ஜோன் செபஸ்ரியன் ஹெல்ம்கன். 1824ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனின் வைட்சப்பல் பகுதியில், ஜேர்மன் வழிப் பெற்றோருக்குப் பிறந்தவர். வசதியான குடும்பமல்ல. முதலில் ஒரு வைத்தியரிடம் தொழில் பழகும் பையனாகச் சேர்ந்தார். பின்னர் கைஸ் மருத்துவமனையில் முறையாகப் படித்தார். படிப்பு முடியுமுன்பே ஹட்சன் பே கம்பனியின் கப்பலில் வைத்தியராக ஒருமுறை கனடாவின் வடக்குக் குடாவரை வந்து திரும்பியிருக்கிறார். அந்தக் கம்பனியின் பெயர் எங்களுக்குப் புதிதல்ல. 2025இல் அதன் கடைகள் மூடப்படும்வரை, நாங்கள் எல்லோரும் முதலாவது குளிருக்குக் கோட்டு வாங்கப் போய் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த கடைதான். ஹெல்ம்கன் காலத்தில் அது கடையல்ல, கிட்டத்தட்ட ஓர் அரசாங்கம். வன்கூவர் தீவையே 1849இல் பிரித்தானிய முடி அந்தக் கம்பனியிடம் ஒப்படைத்திருந்தது.

அந்தத் தீவுக்கு வைத்தியராகவும் எழுதுவினைஞராகவும் வேலைக்கு எடுக்கப்பட்டு, 'நோர்மன் மொறிசன்' என்ற கப்பலில் குடியேற்றவாசிகளோடு புறப்பட்டார். நடுக்கடலில் கப்பலுக்குள் பெரியம்மை வந்துவிட்டது. நாங்கள் சின்ன வயதில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்து எழும்பிய கொப்புளிப்பான் அல்ல, உயிரை எடுக்கும் பெரியம்மை. இருபத்தைந்து வயது வைத்தியர் ஒருவர், இறங்கி ஓட இடமில்லாத ஒரு மரக்கலத்துக்குள் அதைச் சமாளித்துக்கொண்டு 1850 மார்ச் 24ஆம் திகதி எஸ்குவிமோல்ட் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். இந்தப் பெரியம்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வரும்.

வந்த கையோடு அவரைத் தீவின் வடக்கே ரூபேர்ட் கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கே கம்பனி நிலக்கரி தோண்டிக்கொண்டிருந்தது. ஸ்கொட்லாந்திலிருந்து கூட்டிவந்த சுரங்கத் தொழிலாளர்கள், சொன்னபடி எதுவும் நடக்கவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போதைய ஆளுநர் பிளான்சார்ட் என்ன செய்தார் தெரியுமா? கம்பனியில் சம்பளம் வாங்கும் இந்த இளம் வைத்தியரையே அங்கே நீதவானாக நியமித்தார். கம்பனிக்கும் தொழிலாளிக்கும் வழக்கு, தீர்ப்புச் சொல்பவர் கம்பனியின் ஆள். இந்தக் காலத்தில் எந்தக் கணக்காய்வாளராவது இப்படி ஒரு காரியம் செய்தால் அனுமதிப்பத்திரம் பறிபோய்விடும். ஹெல்ம்கனுக்கும் அது சரியில்லை என்று விளங்கியிருக்க வேண்டும். கொஞ்ச நாளிலேயே பதவியைத் துறந்துவிட்டார். அதே வருடம் கப்பலிலிருந்து தப்பியோடிய மூன்று பேர் அந்தக் கரையில் கொல்லப்பட்டதும், அதற்குப் பழியாக ஆளுநர் போர்க்கப்பலோடு வந்து நாவிற்றி மக்களின் ஆளில்லாத ஊரை எரித்ததும் நடந்தன. குற்றவாளிகளைக் கேட்டு முதலில் தூது போனவர் இந்த டொக்டர்தான்.

வருட முடிவில் விக்ரோறியாவுக்குத் திரும்பினார். 1852 டிசம்பரில் புதிய ஆளுநர் ஜேம்ஸ் டக்ளசின் மகள் செசீலியாவை மணந்தார். நான் மேலே சொன்ன மரவீடு மணமக்களுக்காகக் கட்டியது. இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் போக முடியாது. டக்ளஸ் தென் அமெரிக்காவின் டெமராறாவில் பிறந்தவர், தாய் கலப்பினத்தவர். அவருடைய மனைவி அமீலியாவின் தாய் கிறீ இனப் பெண். ஆகவே ஹெல்ம்கன் வீட்டில் ஓடி விளையாடிய பிள்ளைகளுக்கு கிறீ இரத்தமும் உண்டு, கரிபியன் கரையின் இரத்தமும் உண்டு, லண்டன் ஜேர்மன் இரத்தமும் உண்டு. குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் அவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது?

1856இல் தீவுக்கு முதலாவது சட்டசபை வந்தது. ஏழு பேர் கொண்ட சபை. இருபது ஏக்கர் காணி உள்ளவருக்குத்தான் வாக்கு. உறுப்பினராக நிற்க 300 பவுண் பெறுமதியான சொத்து வேண்டும். நனைமோ தொகுதியில் இந்தத் தகுதியுள்ள வாக்காளர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அந்த ஒருவர் வாக்களித்து ஒருவரைத் தெரிவுசெய்தார். தெரிவானவரும் ஒரு டொக்டர். வாக்கெண்ணும் நிலையத்தில் இரவிரவாக விழித்திருந்த அனுபவமுள்ள எங்கள் தொண்டர்களுக்கு இது வயிற்றெரிச்சலாக இருக்கும். அந்த ஏழு பேரும் ஹெல்ம்கனைச் சபாநாயகராக்கினார்கள். ஆளுநர் மாமனார், சபாநாயகர் மருமகன். கோட்டைக்குள் பிரமச்சாரிகள் தங்கும் கட்டிடம் ஒன்றில் கூடிய சபை அது. பத்து வருடம், தீவு பிரிட்டிஷ் கொலம்பியாவோடு இணைக்கப்பட்ட 1866ஆம் ஆண்டுவரை, சபாநாயகர் கதிரையில் அவர்தான் இருந்தார். காலையில் நோயாளி, மாலையில் சபை.

இடையில் 1858இல் பிரேசர் ஆற்றில் பொன் கிடைத்தது. சில நூறு வெள்ளையர் இருந்த விக்ரோறியாவுக்குள் ஒரே கோடையில் ஆயிரமாயிரமாகச் சனம் வந்திறங்கியது. 1862 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த 'பிரதர் ஜொனதன்' என்ற கப்பல், பொன் தேடி வந்தவர்களோடு பெரியம்மையையும் இறக்கிவிட்டது.

அந்தக் காலத்தில் விக்ரோறியாவைச் சுற்றி உள்ளூர்ச் சொங்கீஸ் மக்களோடு, வடக்கிலிருந்து வியாபாரத்துக்கும் கூலிவேலைக்கும் வந்த ஹைடா, சிம்சியன், குவாக்கியுற்றில் முதலான பல இனத்தவர் ஆயிரக்கணக்கில் கூடாரமடித்துத் தங்கியிருந்தார்கள். ஹெல்ம்கன் ஆதிக்குடி மக்களில் ஏறத்தாழ ஐந்நூறு பேருக்கு அம்மைப்பால் குத்தினார். சொங்கீஸ் மக்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். அம்மைப்பால் குத்திக்கொண்டதும், நகரத்தை விட்டு ஒரு தீவுக்கு ஒதுங்கிப்போனதும் அவர்களைக் காப்பாற்றின.

வடக்கு மக்களுக்கு நடந்தது வேறு. நகரத்தின் பொலிஸ் அவர்களை வெளியேறச் சொன்னது. கூடாரங்கள் எரிக்கப்பட்டன. பீரங்கிப் படகுகள் பின்தொடர, நோயோடு அவர்கள் வள்ளங்களில் ஏறி ஊர் திரும்பினார்கள். நூற்றுக்கணக்கான மைல் கரையோரத்தில் அவர்கள் இறங்கிய இடமெல்லாம் அம்மை இறங்கியது. அடுத்த வருடத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 20,000 பேர் என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்லும் மதிப்பீடு. கூடுதலாகச் சொல்பவர்களும் உண்டு, குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. அம்மைப்பால் அறுபது வருடத்துக்கு மேலாக உலகம் அறிந்த மருந்து. நோயாளியை மற்றவரிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்பதும் யாருக்கும் தெரியாத இரகசியமல்ல.

ஐந்நூறு பேருக்கு ஊசி குத்திய கையும், அந்தக் காலனியின் சட்டசபையை நடத்திய கையும் ஒரே கைதான். இதை வைத்து அவரைக் கொடியவர் என்று நான் சொல்ல வரவில்லை. கொடியவர் ஐந்நூறு பேருக்கு அம்மைப்பால் குத்த மாட்டார். ஆனால் மருத்துவராகத் தனக்கு முன்னால் வந்த ஆளைப் பார்த்தவர், சபையில் இருந்தபோது அதே ஆளைக் கண்டாரா என்ற கேள்வி எனக்கு உண்டு. அந்தச் சபைக்கு வாக்களித்தவர்களில் கூடாரத்து மக்கள் ஒருவரும் இல்லை.

1865இல் செசீலியா முப்பது வயதில் இறந்துபோனார். ஹெல்ம்கன் மறுமணம் செய்யவில்லை. பிள்ளைகளை வளர்த்தபடி தொழிலையும் அரசியலையும் தொடர்ந்தார்.

இனிக் கணக்குக்கு வருவோம். 1860களின் முடிவில் பொன் வற்றிவிட்டது. உள்நாட்டுக்கு வீதி போட வாங்கிய கடன் நின்றது. இணைந்த காலனியின் கடன் பத்து இலட்சம் டொலருக்கு மேல். அப்போதுதான், 1867இல் பிறந்த கனடா, எங்களோடு சேருங்கள் என்று அழைத்தது. அதே வருடம் அமெரிக்கா அலாஸ்காவை வாங்கியிருந்தது. வடக்கிலும் அமெரிக்கா, தெற்கிலும் அமெரிக்கா.

1870 மார்ச்சில் நடந்த விவாதத்தில் கனடாவோடு சேருவதை எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் ஹெல்ம்கன். கனடா எங்கோ இருக்கிறது, நடுவில் மலையும் வெளியும். அவர்களுடைய சுங்கவரி எங்கள் விவசாயிக்குப் பொருந்தாது. பெரிய ஆளோடு சின்ன ஆள் கூட்டுச் சேர்ந்தால் யாருக்கு இலாபம்? இவைதான் அவர் வாதத்தின் சாரம். ஆளுநர் மஸ்கிறேவ் கெட்டிக்காரர். பேரம் பேச ஒட்டாவாவுக்கு அனுப்பிய மூவரில் இந்த எதிர்ப்பாளரையும் ஒருவராகச் சேர்த்துவிட்டார். மற்ற இருவர், நில அளவைக்கும் பொதுவேலைக்கும் பொறுப்பாயிருந்த ஜோசப் றச், இன்னொரு டொக்டரான கரல். கனடாவின் கிழக்குக்குப் போகக் கனடாவுக்குள் பாதையில்லை. மே மாதம் கப்பலில் சான் பிரான்சிஸ்கோ போய், முதல் வருடம்தான் கட்டி முடித்திருந்த அமெரிக்க ரயிலில் ஏறிப் போனார்கள். சேர வேண்டாம் என்று சொன்ன மனிதர், ரயில் ஒரு கண்டத்தைக் கட்டுவதை யன்னலோரத்தில் இருந்து பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்.

பிரதமர் மக்டொனல்ட் நோய்வாய்ப்பட்டிருந்தபடியால் ஒட்டாவாவில் பேசியவர் கார்ட்டியே. மூவரும் மலையைத் தாண்ட வண்டிப்பாதை ஒன்றும், ரயிலுக்கு ஒரு தொடக்கமும் கேட்டார்கள். அவர் முழு ரயில்பாதையே தருகிறோம், இரண்டு வருடத்துக்குள் தொடங்கிப் பத்து வருடத்துக்குள் முடிக்கிறோம் என்றார். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இந்த ரயில் கதைதான் இருக்கும். நான் சொல்ல வந்தது அடுத்த பக்கத்தில் இருக்கும் கதை.

கனடா மாகாணங்களுக்குப் பணம் கொடுத்தது தலைக்கு இவ்வளவு என்று. ஆகவே எத்தனை தலை என்பதுதான் பேரத்தின் அச்சாணி. பிரிட்டிஷ் கொலம்பியா தன் சனத்தொகையை 120,000 என்று போட்டுக்கொண்டு வந்தது. யாரும் வீடுவீடாகப் போய் எண்ணவில்லை. எங்கள் சுங்க வருமானத்தைப் பாருங்கள், உங்கள் நாட்டில் தலைக்கு இவ்வளவுதான் சுங்கம் வருகிறது, அந்த விகிதத்தில் வகுத்தால் நாங்கள் 120,000 பேருக்குச் சமன் என்பது வாதம். எங்கள் தொழிலில் இதற்கு நல்ல பெயர்கள் இருக்கின்றன, வானொலியில் சொல்லக்கூடாது. கனடா ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் 60,000 என்று முடிந்தது.

அந்த 60,000 தலையை வைத்துப் போட்ட கணக்கு இது. வருடாந்த மானியம் 35,000 டொலர். அதற்கு மேல் தலைக்கு எண்பது சதப்படி 48,000 டொலர். காலனியின் கடன் முழுவதையும் கனடா பொறுப்பேற்கும். அதோடு, மற்ற மாகாணங்களின் கடன் தலைக்கு 27 டொலர் 77 சதம் என்று எடுத்து, 60,000ஆல் பெருக்கினால் 1,666,200 டொலர் வரும். அதிலிருந்து உண்மையான கடனைக் கழித்த மீதிக்கு ஐந்து வீத வட்டி, அதாவது வருடம் முப்பதாயிரம் டொலர் வரை. கடன்காரன் கடன் குறைவாக வைத்திருந்ததற்கு வட்டி வாங்கியதை நான் வேறெங்கும் காணவில்லை.

சனத்தொகையைப் பாதியாக்கியதால் விழுந்த துண்டை எப்படி நிரப்புவது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ரயில்பாதையின் இரு பக்கமும் இருபது மைல் காணியை மாகாணம் கனடாவுக்குக் கொடுக்கும்; அதற்குப் பதிலாகக் கனடா வருடாவருடம் 100,000 டொலர் கொடுக்கும். சென்மதி, வருமதி இரண்டும் ஐந்தொகையில் அழகாகப் பொருந்திவிட்டன. ஆனால் அந்தக் காணிக்கு உறுதி யாரிடம் இருந்தது? தீவில் டக்ளஸ் செய்த பதினான்கு ஒப்பந்தங்களை விட்டால், அங்கே ஆதிக்குடிகளிடமிருந்து காணியை யாரும் எழுதி வாங்கியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணி வாங்குவதென்றாலும் நாங்கள் உறுதியையும் தோம்பையும் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்து வைக்க மாட்டோம். நாற்பது மைல் அகலக் காணி அப்படிக் கைமாறியது. அந்தக் கேள்வி பிரிட்டிஷ் கொலம்பியாவின் நீதிமன்றங்களில் 150 வருடத்துக்குப் பிறகும் தீர்ந்தபாடில்லை.

ஒப்பந்தப்படி 1871 ஜூலை 20ஆம் திகதி பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவின் ஆறாவது மாகாணமானது. அந்த வருடத்துக்கு வரலாற்று நூல்களில் தரப்படும் சனத்தொகை 36,247. அதில் வெள்ளையர் 8,576, கறுப்பினத்தவர் 462, சீனர் 1,548. கூட்டினால் 10,586. மிகுதி 25,661 பேரும் ஆதிக்குடிகள். அதாவது பத்தில் ஏழு பேர் அவர்கள்.

அடுத்த வருடமே, 1872இல், புதிய மாகாணத்தின் சட்டசபை ஆதிக்குடிகளுக்கும் சீனருக்கும் வாக்குரிமையை நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. மானியம் வாங்கும்போது தலை, வாக்குப்பெட்டிக்குப் போகும்போது தலையில்லை. 1907இல் அதே மாகாணம் இந்தியாவிலிருந்து வந்தவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. சட்டத்தில் போட்ட பெயர் 'இந்து'. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் சீக்கியர் என்பது சட்டம் எழுதியவர்களுக்குப் பெரிய விடயமாகத் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் யாராவது அப்போது போயிருந்தால் அவர்களும் அதற்குள்தான். சீனருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் மாகாண வாக்குரிமை 1947இல் திரும்பியது. ஆதிக்குடிகளுக்கு 1949இல்.

இனி என்னைத் தூங்கவிடாத கழித்தல் கணக்கு. ஒப்பந்தத்தில் 60,000. எண்ணிக்கையில் 36,247. வித்தியாசம் 23,753. இந்த 23,753 பேர் காகிதத்தில் இருந்தார்கள், அவர்களுக்காகவும் தலைக்கு எண்பது சதம் வந்தது. ஆனால் ஆள் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னர் வடக்குக் கரையிலும் உள்நாட்டிலும் அம்மையில் இறந்தவர்கள் சுமார் 20,000. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு எண்கள்தான். ஒன்றை வைத்து மற்றதை நிரூபிக்க முடியாது, எந்தக் கணக்காய்வாளரும் ஏற்க மாட்டார். ஆனாலும் அந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றபோது நான் பேனாவை வைத்துவிட்டேன். அந்தத் தலைகளில் ஐந்நூறை ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து ஊசி குத்திய மனிதர், ஒட்டாவாவில் அந்த மேசையிலும் இருந்தார்.

பேரம் முடிந்தபின் கரல் செனட்டரானார். றச் மாகாணத்தின் முதலாவது துணை ஆளுநரானார். இந்த றச்தான் 1860களில் ஆதிக்குடிகளின் ஒதுக்குக் காணிகளை வெட்டிக் குறைத்தவர். ஹெல்ம்கனுக்கும் செனட் பதவி நீட்டப்பட்டது. வேண்டாம் என்றார். 1871இல் தேர்தலிலும் நிற்கவில்லை. அரசியலில் நல்ல இலாபம் காட்டிய வருடத்தில் கடையைப் பூட்டியவர் அவர். 1873இல் முதலாவது பசிபிக் ரயில் கம்பனியின் இயக்குநர் சபையில் அவர் பெயர் இருந்தது. லஞ்ச ஊழலில் அந்தக் கம்பனியும் மக்டொனல்டின் அரசாங்கமும் சேர்ந்து கவிழ்ந்தன. பத்து வருடத்தில் முடிப்போம் என்ற பாதை 1885 நவம்பரில்தான் முடிந்தது.

அவர் திரும்பவும் மருத்துவப் பையைத் தூக்கிக்கொண்டார். 1885இல் மாகாண மருத்துவச் சங்கத்தின் முதலாவது தலைவரானார். எண்பது வயது தாண்டியும் சிறைச்சாலைக் கைதிகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1892இல் உட்கார்ந்து தன் நினைவுகளைக் கைப்பட எழுதினார். அது நூலாக அச்சில் வந்தது 1975இல்தான். 1920 செப்டெம்பர் 1ஆம் திகதி, 96 வயதில், விக்ரோறியாவிலேயே காலமானார். மகள் ஈடித் 1939இல் இறக்கும்வரை அந்த மரவீட்டிலேயே இருந்தார். பின்னர் மாகாண அரசு அதை வாங்கி அருங்காட்சியகமாக்கியது. மாகாணத்தின் உட்பகுதியில் 141 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஓர் அருவிக்கு 1913இல் அவர் பெயரை வைத்தார்கள். அவர் அதைப் பார்த்ததில்லை.

தொலைபேசி எடுத்த அம்மாவுக்கு: மகளிடம் போகும்போது, பாராளுமன்றக் கட்டிடத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் அந்த வீடு வரும். உள்ளே விடுகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டியிருந்தாலும் பரவாயில்லை, வெளியிலிருந்து பார்க்கலாம். அதற்குப் பக்கத்திலேயே வடக்குக் கரை மக்களின் தூண்கள் நிற்கின்றன. அவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.